புழுக்களுக்கு விட்ட நிரை

சிவலட்சுமி அக்காவின் வலைக்கூடாரத்தில் பதினொரு நிரை கறிமிளகாய் நின்றது. பத்து நிரை சந்தைக்கு. வடக்கு வலையோடு ஒட்டி நின்ற பதினோராவது நிரை புழுக்களுக்கு. அந்த நிரையில் புழுவைக் கண்டால் அக்கா கை வைக்கமாட்டார். இலையில் நரம்பு மட்டும் மிஞ்சி நின்றாலும் பேசாமல் கடந்து போவார். உள்ளே வந்து பார்க்கிற எவரும், இந்த மனிசிக்குக் கண் தெரியாதோ என்றுதான் கேட்பார்கள். ஆனால் எவரும் உள்ளே வருவதில்லை. ஆட்களோடு சேர்ந்து அந்துப்பூச்சியும் புகுந்துவிடும் என்று இரட்டைக் கதவு போட்டு, இரண்டுக்கும் கொளுக்கி மாட்டி வைத்திருந்தார்.

நான் கண்டாவளைப் பக்கத்துக்கு விவசாயப் போதனாசிரியராகப் போய் மூன்று வருடம் ஆகிறது. எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படத்தை அம்மா வாசலுக்கு நேரே மாட்டி வைத்திருக்கிறார். தண்ணீர் கேட்டு வருகிறவர்களுக்கும் அதைக் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பார். எனக்கும் அந்தப் படத்தில் பெருமை குறைவில்லை. அதனால்தான், வயதில் மூத்தவர்கள் "சேர்" என்று கூப்பிடும்போது வேண்டாமென்று சொல்ல எனக்கு ஒரு மாதம் எடுத்தது. சிவலட்சுமி அக்காவிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட ஏலாது. படிச்ச பிள்ளை. அப்ப தம்பி சேர் எண்டு கூப்பிடுறன்."

அப்படியே நிலைத்துவிட்டது.

அக்காவின் தாய் தகப்பனும், அவருடைய கணவர் சங்கிலி அண்ணையின் தாய் தகப்பனும் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வன்னிக்கு இறங்கி வந்தவர்கள். காடு வெட்டி, அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து, கடைசியில் அரை ஏக்கர் மேட்டுக் காணி கிடைத்தது. இவர்கள் இருவரும் இங்கேயே பிறந்து, இங்கேயே கலியாணம் முடித்தவர்கள். பிள்ளைகள் இல்லை. யுத்தத்தில் எல்லோரையும் போல ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்தார்கள்.

சங்கிலி அண்ணையின் தொழில் மருந்தடிப்பது. வயற்காரர்கள் கூப்பிட்டால் ஸ்பிறேயர் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். இருபது வருடம் அதுதான். சாரத்தை மடித்துக் கட்டி, வாயைச் சுற்றி ஒரு துவாய். கையாலேயே கலக்குவார். மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்து, கடுப்புப் போதுமா என்று சொல்லுவார். அவர் அடித்த வயலில் மூன்றாம் நாள் ஒரு பூச்சி பறக்காது என்று ஊரில் பேர். பிறகு நாற்பத்திரண்டு வயதில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. கிணற்றடிக்கு நடந்தாலே இருமல். சுவாசப்பை சுருங்கிவிட்டது என்றார்கள். மருந்தடித்ததால்தான் வந்தது என்று டொக்டர் சொல்லவுமில்லை, இல்லையென்று சொல்லவுமில்லை. மருந்து மணம் மட்டும் கிட்டவும் வரக்கூடாது என்றார்.

அவர் படுத்த பிறகுதான் ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியில் அக்காவுக்கு அந்த வலைக்கூடாரம் கிடைத்தது. இரும்புக் குழாய் வளைவுகள், மேலே பொலித்தீன், சுற்றிவர வெள்ளை வலை. காணியில் அதற்கு வேறு இடம் இல்லாததால் வீட்டுக்கு மேற்கே, அண்ணையின் கட்டிலிலிருந்து நாற்பது அடி தூரத்தில் நின்றது.

நான் முதல் நாள் போனபோது அண்ணை கதிரையில் இருந்து, மூச்சு விட்டு விட்டுச் சிரித்தார்.

"நாங்கள் கூடாரத்துக்குள்ள கிடந்து ஒரு மாதிரி வெளிய வந்தம். இப்ப மிளகாயைக் கொண்டுபோய்க் கூடாரத்துக்குள்ள விட்டிருக்கிறம். அதுகள் என்ன பாவம் செய்ததுகளோ."

"உங்களுக்கு வருத்தம் கூடக் கதையும் கூடுது," என்றார் அக்கா.

முதற்போகத்தில் புழு விழுந்தது. வலையில் எங்கேயோ ஒரு கிழிசல்; அந்துப்பூச்சி ஒன்று புகுந்து முட்டையிட்டால் போதும். வெளியே என்றால் குருவி தின்னும், குளவி தூக்கும். உள்ளே அதுகளுக்கு எதிரி இல்லை. இலையின் கீழே பச்சையும் கறுப்புமாகச் சுருண்டு கிடந்து, இலையைத் தின்று முடித்துக் காய்க்குள் துளை போட்டன. அக்கா விடியலில் எழும்பிக் கையாலேயே பொறுக்கினார். பொறுக்கி முடிய அடுத்த நிரையில் கிடக்கும். பாதிக்கு மேல் போய்விட்டது.

"மருந்தைக் குறைச்சு அடிக்கலாம் அக்கா," என்றேன். படித்தவன் சொல்லக்கூடியது அதுதான் என்று நினைத்தேன்.

"குறைச்சு எண்டால் எவ்வளவு, தம்பி சேர்? அவர் குறைச்சு மூச்சு விடலாமோ?"

நான் மருந்துப் பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன்.

பதிலைக் கண்டுபிடித்தவர் சங்கிலி அண்ணை. வேலியோரத்து முருங்கையில் மசுக்குட்டி, உடம்பெல்லாம் மயிர் நிற்கிற அந்தப் புழு, மொய்த்திருந்த காலம். அக்கா அவரைத் தள்ளிப்போய் இருக்கச் சொல்லியிருக்கிறார். அவர் கதிரையை அங்கேயே போட்டுக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். ஒரு மசுக்குட்டி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, வெறும் தோலாக. அதன் மேல் விரல் நகம் அளவு கபிலப் பூச்சி ஒன்று, தோளில் இரண்டு முள்ளோடு, ஊசி மாதிரி வாயை அதன் உடம்பில் இறக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. காலையிலிருந்து மத்தியானம் வரை அண்ணை எழும்பவில்லையாம். அடுத்த நாள் நான் போனபோது போத்தலொன்றை என் கையில் தந்தார்.

"சேர், இருபது வருசம் நான் தாங்கி சுமந்து செய்த வேலையை இது ஒரு ஊசியால செய்யுது. மணமுமில்லை, ஒண்டுமில்லை."

அது என்ன இனம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், படமும் கீறியிருக்கிறேன். புழுவைக் குத்தி உறிஞ்சி வாழும் இரைகௌவி. ஆனால் அதை முருங்கையிலிருந்து எடுத்துக் கூடாரத்துக்குள் விடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. நான் சொன்னது ஒன்றுதான்: "தின்ன ஒண்டுமில்லாட்டில் இதுகள் ஒண்டையொண்டு தின்னும் அண்ணை. புழு முழுக்க முடிஞ்சால் இதுகளும் முடிஞ்சிடும்."

அக்கா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அதுகளுக்கும் ஒரு நிரை விடுவம்," என்றார்.

அந்தப் பதினோராவது நிரை அப்படி வந்ததுதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் சங்கிலி அண்ணைக்கு ஒரு வேலை இருந்தது. கட்டிலோடு ஒரு பலகைத் தட்டு அடித்து, அதில் பத்துப் பன்னிரண்டு ஜாம் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார். வாயில் பழைய சேலைத்துணி கட்டிய போத்தல்கள். உள்ளே ஈரப் பஞ்சு. அக்கா பதினோராவது நிரையிலிருந்து புழு பிடித்து வந்து தருவார்; அண்ணை ஈர்க்கில் நுனியால் ஒவ்வொன்றாக உள்ளே விடுவார். முட்டை பொரித்து வரும் குஞ்சுகள் சிவப்பும் கறுப்புமாக, குன்றிமணி ஓடுவதுபோல ஓடும். ஐந்து தரம் தோல் கழற்றி, கடைசித் தரம் செட்டையோடு கபில நிறத்தில் வெளியே வரும். அப்படி வந்ததும் அக்கா கொண்டுபோய்க் கூடாரத்துக்குள் விடுவார். தோல் கழற்றும் நாட்களில் அண்ணை யாரையும் கட்டிலருகில் இருமவும் விடமாட்டார், அவர் மட்டும் இருமுவார்.

ஊர் சும்மா இருக்குமா? "ஆடு மாடு வளக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறம், மூட்டைப்பூச்சி வளக்கிற வீட்டை இப்பதான் காணுறம்," என்று கடையடியில் சிரித்தார்கள். ஒருநாள் பக்கத்து வளவு நிருஷன் கட்டிலடியில் வந்து குந்தியிருந்து, "அண்ணை, இதுகளில பால் கறக்கலாமோ?" என்று கேட்டான். நிருஷனுக்கு முப்பத்தைந்து வயது. வயற்காரன். பதினெட்டு வயதில் சங்கிலி அண்ணைக்குப் பின்னால் தாங்கி சுமந்து தொழில் பழகியவன்.

"கறக்கலாம். நீ வந்து காலைப் பிடி," என்றார் அண்ணை.

வருத்தக்காரர் பொழுது போக்குகிறார் என்றுதான் நிருஷனும் ஊரும் நினைத்தார்கள். போத்தலுக்குள் சிவப்பாக ஓடிய குஞ்சுகள்தான் வளர்ந்து கூடாரத்துக்குள் கபில நிறத்தில் நிற்கின்றன, அங்கே ஒரு துளி மருந்து அடிக்காமல் காய் காய்ப்பது அவற்றால்தான் என்று எவருக்கும் தெரியாது. கதவு பூட்டியிருந்தது. நானும் சொல்லவில்லை. அறிக்கையை எழுதி முடித்து, மேலிடத்துக்கு அனுப்பி, அவர்கள் படம் பிடித்துப் போன பிறகு ஊர்க்கூட்டம் வைத்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அந்த அறிக்கை எனக்குப் பேர் வாங்கித் தரும் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

இந்த வருடம் பங்குனியில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையை வாங்கக் கை நீட்டிய சங்கிலி அண்ணை அப்படியே சரிந்து போனார்.

அந்தக் குடியேற்றத்தில் செத்தவீட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அயலில் சமைத்துக் கொண்டுவந்து தருவார்கள். கணவனை இழந்தவள் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை முற்றம் தாண்டக்கூடாது. ஆனால் அவளுடைய வேலை ஒன்றும் நிற்காது. மாடு இருந்தால் பால் கறந்து கொடுப்பார்கள், நெல் விளைந்திருந்தால் அறுத்துக் கொடுப்பார்கள். யாரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து ஒருவரையொருவர் தவிர வேறு ஒன்றுமில்லாமல் இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். அதை நான் வேறெங்கும் அவ்வளவு சுத்தமாகக் கண்டதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அயற்பெண்கள் அவருடைய பாய், தலையணை, சாரம், கட்டிலடிச் சாமான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுபோய் எரித்தார்கள். வருத்தக்காரன் பாவித்த பொருள் வீட்டில் இருக்கக்கூடாது. போத்தல்களும் அதோடு போயின. பின்னேரம் அக்கா கண்ணைத் திறந்து பார்த்தபோது தட்டு வெறுமையாக இருந்தது.

மூன்றாம் நாள் நான் போனபோது, மெதுவாக என்னைக் கிட்ட வரச்சொல்லி, அதைத்தான் சொன்னார்.

"போத்தல் போனாப் போகட்டும், தம்பி சேர். அவையில பிழை சொல்ல ஏலாது. கூடாரத்துக்குள்ள அம்பதுக்குக் கிட்ட நிக்குது. அவர் கையால வளத்ததுகள். அது காணும், அதில இருந்து பெருக்கலாம்." பிறகு, "ஒருக்கா எட்டிப் பாத்து விடுவீங்களோ? தண்ணி விடுற பொடியள் கதவைத் திறந்தபடி விட்டாலும்," என்றார்.

"ஓமக்கா."

வாசல் படலையடியில் நிருஷன் நின்றான். பாடை தூக்கிய தோளில் துவாயைப் போட்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"சேர், தண்ணி விட உள்ளுக்கப் போனனான். கடைசி நிரை முழுக்கப் புழு. ஒரு இலை இல்லை. பாவம், அந்த மனிசி இவரைப் பாத்துப் பாத்தே பயிரை விட்டிட்டா போல. என்னவும் செய்யோணும்."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வசனம். ஆனால் செத்தவீட்டுப் படலையில் நின்று பூச்சிக் கதை சொல்லக் கூச்சமாக இருந்தது. மோட்டார் சைக்கிளும் இயங்கிக்கொண்டிருந்தது. "நாளைக்கு வந்து பாக்கிறன். வந்து சொல்லுறன்," என்றேன்.

மறுநாள் நான் போகவில்லை. கிளிநொச்சியில் இரண்டு நாள் கூட்டம். அதற்கடுத்த நாள் கூட்டத்தின் அறிக்கை. நிருஷன் நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் எனக்காகக் காத்திருந்திருக்கிறான். ஆறாம் நாள் தன் வயலுக்கு வைத்திருந்த மருந்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். காலை பத்து மணி இருக்கும். பெண்கள் பாயில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் சத்தம்தான் கேட்டது. தாங்கியின் கைபிடி ஏறி இறங்கும் சத்தம். இருபது வருடம் அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவர். பிறகு மணம் வந்தது. அக்கா எழும்பினார்.

"எங்கை பிள்ளை எழும்புறாய்?" என்று கேட்டார் அயல்வீட்டு மாமி ஒருவர்.

"கூடாரத்துக்கு ஒருக்காப் போகோணும், மாமி."

"விசரே உனக்கு? பதினாறு முடியேல்லை. முத்தம் தாண்டக்கூடாது."

"அங்கை அடிக்கிறாங்கள். நிப்பாட்டச் சொல்லோணும்."

"நிருஷன்தான் அடிக்கிறான். தன்ர வயலுக்கு வைச்சிருந்ததைக் கொண்டந்து அடிக்கிறான், பாவம். நீ ஒண்டுக்கும் யோசியாதை."

"ஐயோ மாமி, ஆரையும் அனுப்புங்கோ. அடிக்க வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

இரண்டு பேர் அவருடைய கையைப் பிடித்து இருத்தினார்கள். ஒருத்தி தலையைத் தடவினாள். துக்கத்தில் புத்தி தடுமாறிக் கதைக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் விடாமல் அரற்றவே, ஒரு பெண் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"அடிச்சு முடிஞ்சுதாம், அக்கா. பயப்பிடாதேங்கோ. ஒரு நிரை விடேல்லையாம்."

பதினோரு நிரைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? கால் மணித்தியாலம்.

மிச்சப் பத்து நாளும் அக்கா உள்ளே இருந்தார். அந்தப் பத்து நாளும் எல்லோரும் தந்ததைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். நான் ஏழாம் நாள் போனபோது வாசலிலேயே மணம் முகத்தில் அடித்தது. எனக்கு விளங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். வரவில்லையே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"தம்பி சேர், நீங்கள் இப்ப போய்ப் பாக்க வேண்டாம்," என்றார். "நான் வாறன். பதினாறு முடியட்டும். சேர்ந்து பாப்பம்."

பதினேழாம் நாள் காலை கொளுக்கியைக் கழற்றி இருவரும் உள்ளே போனோம். செடிகள் கழுவிவிட்டது போலச் சுத்தமாக நின்றன. தரையில் விரித்திருந்த கறுப்புப் பொலித்தீன் மேல் அவை கிடந்தன. மல்லாந்து, ஆறு காலையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டு. எறும்பு ஏற்கெனவே பாதியை இழுத்துவிட்டது. அக்கா குந்தியிருந்து, சேலைத்தலைப்பில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் நிரை நிரையாக இலைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அப்போதுதான் நிருஷன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "பாத்தீங்களோ, சேர்? மருந்துக்கு ஒரு புழு இல்லை. புழு மட்டுமில்லை, நெல்லில விழுற மாதிரி மூட்டுப்பூச்சியும் நிறைஞ்சு போய்க் கிடந்தது. மணத்திலயே பிடிச்சிட்டன். அதையும் சேர்த்துக் கழுவிவிட்டிட்டன்."

நெல்லோடு வாழ்கிறவனுக்கு அந்த உருவமும் அந்த நாற்றமும் எதிரிதான். வேறு மாதிரி நினைக்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் வாயைத் திறந்தேன். அக்கா சேலைத்தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு எழும்பி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நல்லதடா நிருஷன். வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. இண்டைக்குத்தான் அடுப்பு மூட்டியிருக்கிறன்."

அவன் போன பிறகு நான் கேட்டேன். "ஏனக்கா சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? அவரைக் காவிக்கொண்டு போனவன். ஏழு நாள் தன்ர வயலைப் பாக்காமல் இஞ்சை நிண்டவன். நீ செய்தது கொலை எண்டு சொல்லோணுமோ? சொன்னால் எழும்பி வருமோ, அதுகள்?"

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், ஸ்பிறேயரின் தூவல் எட்டாத மூலையில், தானாக முளைத்த ஒரு தக்காளிச் செடி நின்றது. அதன் அடியிலையில் ஐந்து சிவப்புக் குஞ்சுகளைக் கண்டேன். அக்காவுக்குக் கையைக் காட்டினேன். அவர் வந்து பார்த்தார். பிறகு குசினிக்கு ஓடிப்போய் ஒரு போத்தலை எடுத்து வந்தார்.

அந்த ஐந்துக்காக அக்கா அந்த மாதம் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகை இல்லை. புழு பிடிக்க வேலியோரமாக முருங்கை முருங்கையாக அலைந்தார். நிருஷன் தினமும் காலையில் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, "அக்கா, கடைக்குப் போறன், ஏதும் வேணுமோ?" என்று கேட்பான், போத்தலை எட்டிப் பார்த்து, "அண்ணையின்ர மிச்சமோ?" என்பான். ஓம் என்பார் அக்கா. ஒன்று நாலாம் நாள் செத்தது. இரண்டு, தோல் கழற்றும்போது பாதியில் இறுகிச் செத்தன. அந்தத் தக்காளி இலையிலும் கொஞ்சம் மருந்து பட்டிருக்க வேண்டும். மற்ற இரண்டும் கடைசித் தோலைக் கழற்றின.

அதை முதலில் கண்டவன் நிருஷன். அக்கா கிணற்றடியில் நின்றார். அவன் வழமைபோலப் போத்தலைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். சிவப்புக் குஞ்சு இல்லை. வெறும் தோல் ஒன்று துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில், தோளில் இரண்டு முள்ளோடு, கபில நிறத்தில், அவன் கழுவி விட்ட அதே பூச்சி. அது ஒரு புழுவைக் குத்தித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

அக்கா வாளியோடு வந்தபோது அவன் போத்தலைக் கையில் வைத்தபடி நின்றான்.

"அக்கா," என்றான். "கூடாரத்துக்குள்ள நிண்டது..."

"உனக்குத் தெரியாதுதானேடா."

அவன் போத்தலைத் தட்டில் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் விடிய, சோறு கட்டும் லஞ்ச் சீற் ஒன்றைப் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே இலையோடு பத்துப் பன்னிரண்டு புழு. அதிலிருந்து ஒவ்வொரு நாளும் கொண்டுவந்தான். எங்கே பிடிக்கிறான் என்று அக்கா கேட்கவில்லை.

நேற்றைக்கு முதல்நாள் நான் போனேன். அக்கா போத்தலை வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"இதில எது பொம்பிளை, தம்பி சேர்? எப்ப முட்டை போடும்?"

நான் கைவில்லையை எடுத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வயிற்று நுனியைத் திருப்பிப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் இந்தப் பரிசோதனையில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. இரண்டாம் முறையும் பார்த்தேன். மூன்றாம் முறை பார்த்தது, தலையை நிமிர்த்தாமல் இருப்பதற்காக மட்டும்.

"ரெண்டும் ஆண், அக்கா."

அவர் போத்தலை வாங்கி, துணியை இழுத்துக் கட்டினார்.

"வேற இடத்தில தேடிக் கொண்டந்து தரலாம்," என்றேன். "முருங்கையில எங்கையும் நிக்கும். நானே தேடித் தாறன்."

"கொண்டு வாங்கோ. கூடாரத்துக்கு வேணும்தானே. அடுத்த புழு எப்பவும் விழும்." பிறகு, "அது வேற," என்றார். போத்தலை வெயில் படாமல் நகர்த்தி வைத்தார். "இதுகள் எவ்வளவு நாளைக்கு இருக்கும்?"

"ஒரு மாசம். தின்னக் கிடைச்சால் கொஞ்சம் கூட."

படலையடியில் சைக்கிள் மணி அடித்தது. அக்கா அவசரமாக என் பக்கம் திரும்பினார்.

"நிருஷனுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

அவன் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "சேரும் நிக்கிறார். சேர், எப்ப முட்டை போடுமாம்?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"இன்னும் நாள் இருக்காம்," என்றார் அக்கா. பொட்டலத்தை விரித்து, ஈர்க்கில் நுனியால் ஒரு புழுவைத் தூக்கிப் போத்தலுக்குள் விட்டார். "இவ்வளவு வேண்டாமடா. நாளைக்கு ரெண்டு கொண்டா, காணும்."

"முட்டை போடுறதுகளுக்கு நல்லாத் தின்னோணும், அக்கா," என்றான் நிருஷன். "நான் நாலு கொண்டு வாறன்."